‘தம்பி’ யார்? ஒரு மதராஸ் சாப்பரின் டிரங்குப் பெட்டியைப் படித்த நிகழ்வு

பின்னணி

2021-இல் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒரு தகர டிரங்குப் பெட்டியும் இருந்தது. வீட்டுக்காரரின் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸ் என்ற படையில் இருந்தவர்; ரோடு, பாலம் போடும் ராணுவப் பொறியாளர் படை அது. அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பாட்டி அதற்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தார். பெட்டிச் சாவி கடைசிவரை பாட்டியின் இடுப்பில்தான் தொங்கியதாம்.

பேரன் என் பழைய மாணவர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் படித்துப் படியெடுத்துக் கொடுப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என்னைக் கூப்பிட்டார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தாத்தாவைப் பற்றி அந்த வீட்டில் எல்லாரும் சொன்னது நான்கு விஷயம். அவர் பர்மா சண்டைக்குப் போனார். அங்கே ஒரு மிகப் பெரிய பாலம் கட்டினார். துப்பாக்கி சுட்டதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவருடைய சொந்தத் தம்பியும் கூடவே பட்டாளத்துக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். அந்தத் தம்பிக்காகப் பாட்டி ஆடி அமாவாசைதோறும் ஒரு விளக்கு ஏற்றுவார். பாட்டிக்குப் பிறகு மூத்த மகள், அதாவது பேரனின் அத்தை, அதைத் தொடர்ந்து செய்துவருகிறார்.

பெட்டியில் இருந்தவை

63 கடிதங்கள், 27 புகைப்படங்கள், 4 பதக்கங்கள், ஒரு கைக்குறிப்பு நோட்டு. கடிதங்களை மூன்று கட்டாகச் சணல் நூலால் கட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது கட்டு மெலிதாக இருந்தது. அதற்குள் கடிதங்களோடு, கைநாட்டு வைத்த சில துண்டுச் சீட்டுகளும் இருந்தன. பெட்டியைத் திறந்தவுடன் பேரன் தன் செல்போனில் மேலிருந்து ஒரு படம் எடுத்துவைத்தார். சும்மா வாட்ஸாப்பில் அனுப்பத்தான் எடுத்தார். அது பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

கடிதங்கள் எல்லாம் தமிழில்தான். ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்று தொடங்கி, ‘நிற்க’ என்று விஷயத்துக்கு வரும் அந்தக் காலத்து நடை. ஊர்ப்பெயர் எதுவும் கிடையாது. எங்கே இருக்கிறோம் என்று எழுதத் தடை இருந்தது. உறையில் தணிக்கை முத்திரையும் களத் தபால் நிலையத்தின் எண்ணும் மட்டும் இருக்கும். இரண்டு கடிதங்களில் சில சொற்களின் மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள்.

முதல் வாரத்தில் செய்த இரண்டு தவறுகள்

முதல் தவறு பேரனுடையது. ஒரு கடிதத்தில் பூஞ்சைக் கறை இருப்பதைப் பார்த்து, நல்லெண்ணத்தில் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார். பென்சில்தானே, அழியாது என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் பட்டாளத்தில் பலர் எழுதியது ‘காப்பியிங் பென்சில்’ என்ற வேறு வகையால். அதன் ஈயத்தில் சாயப்பொடி கலந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் எழுத்து போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஈரம் பட்டதும் ஊதாவாகப் பொங்கிவிடும். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாளில் நாவற்பழத்தை நசுக்கியது போல ஒரு கறை. இரண்டு வரி போய்விட்டது. ‘நம்ம தம்பி’ என்பது தெரிந்தது. அடுத்த சொல்லில் கடைசி எழுத்து ‘பா’ என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு ஊதாதான். வெவ்வேறு நிற வெளிச்சத்தில் படமெடுத்துப் பார்த்தும் எதுவும் மீளவில்லை.

இரண்டாவது தவறு என்னுடையது. தேதி வாரியாக அடுக்கலாம் என்று மூன்று கட்டுகளையும் அவிழ்த்து மேஜையில் பரப்பினேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே கட்டுகளுக்கு ஒரு காரணம் இருக்காது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கடிதங்களைப் படித்துக் காட்டியது ஊர் வாத்தியார். ஆனால் கட்டியது பாட்டி. எந்தக் கடிதம் எதைச் சொல்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எழுத்து தெரியாதவருக்கு ஒழுங்கும் தெரியாது என்று நினைத்தது என் பிழை.

இதற்குப் பிறகு சில விதிகளை வைத்துக்கொண்டோம். எதையும் துடைப்பதில்லை. ஸ்கேன் எடுக்கும்வரை மடிப்பைக்கூட வலிந்து பிரிப்பதில்லை. படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது. பேனா, செல்லோ டேப், லேமினேஷன் எதுவும் கூடாது. ஒரு படம் எப்போதோ லேமினேட் செய்யப்பட்டிருந்தது. சூட்டில் முகம் குமிழ் விட்டிருந்தது, பின்பக்கத்தில் எழுதியிருந்ததும் படிக்க முடியாமல் போயிருந்தது.

தேதியைக் கண்டுபிடித்த விதம்

தாத்தா பெரும்பாலும் தமிழ் மாதமும் நாளும்தான் போட்டிருந்தார். சிலவற்றில் ‘சுபானு’, ‘தாரண’ என்று வருஷமும் உண்டு. அவை முறையே 1943-44, 1944-45. அப்படிப்பட்டவை சுலபம். வருஷம் இல்லாதவற்றுக்குப் பஞ்சாங்கம் கைகொடுத்தது. ஒரு கடிதத்தில் மார்கழி பாதி போய்விட்டது, இன்றைக்கு அமாவாசை, இருட்டில் வேலை என்று எழுதியிருக்கிறார். 1944-இல் அமாவாசை மார்கழி பிறக்கும்போதே வந்து போய்விட்டது. 1943-இல்தான் டிசம்பர் கடைசி வாரத்தில் விழுந்தது. ஆக அந்தக் கடிதம் 1943.

எந்தப் பிரிவில் இருந்தார் என்பதைச் சொன்னது ஒரு படம். தோளில் இருந்த துணிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கறுப்பில் வெள்ளையாக, வளைவாள் பிடித்த ஒரு கை. அது 20-ஆவது இந்திய டிவிஷனின் அடையாளம். 1942-இல் பெங்களூரில் உருவாக்கப்பட்ட டிவிஷன் அது. மதராஸ் சாப்பர்களின் கம்பெனிகள் அதில் இருந்தன. 1944-இல் இம்பால் சண்டையில் பாலேல் சாலையையும் ஷேனம் மேடுகளையும் காத்தது, 1945 பிப்ரவரியில் மியின்மு பக்கம் பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்தது, போர் முடிந்ததும் செப்டம்பரில் வியட்நாமின் சைகோனுக்குப் போனது. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது ஊர்ப்பெயரே இல்லாத கடிதங்கள் ஒவ்வொன்றாக இடத்தில் உட்கார்ந்தன. தாரண வருஷம் மாசியில், ‘நம்ம ஏரி நிரம்பி நின்றாலும் இந்த ஆற்றில் பாதிக்குக் காணாது’ என்கிறார். அது ஐராவதியாகத்தான் இருக்க வேண்டும். பார்த்திப வருஷக் கடிதம் ஒன்றில், இங்கே நம்ம மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறார். சைகோனில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதே சமயத்தில் எடுத்த ஒரு படத்தின் பின்னால் பிரெஞ்சு மொழியில் ஸ்டுடியோ முத்திரை.

சண்டை பற்றி அனேகமாக ஒன்றுமே இல்லை. ரோடு, தண்ணீர், மரம், சேறு, இவைதான். ‘சாக்கைத் தாரில் முக்கி ரோடு போடுகிறார்கள்’ என்று ஒரு வரி. கேலி செய்கிறார் என்றுதான் பாட்டி கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாராம். கேலி இல்லை. கல் கிடைக்காத அந்தக் காட்டில் சணல் துணியைத் தாரில் ஊறவைத்து, ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி விரித்து, மழைத் தண்ணீர் இறங்காத பாதை போட்டார்கள். இன்னொரு கடிதத்தில் யானைகள் மரம் தூக்கி வைப்பதைப் பார்த்ததை அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். பர்மாவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் பதினான்காவது ராணுவத்தில் பாலம் கட்டும் வேலைக்கு யானைக் கம்பெனியே இருந்தது. வேறொன்றில், மாத்திரை போட்டுப் போட்டு உடம்பு மஞ்சளாகிவிட்டது, வந்தால் அடையாளம் தெரியாது என்கிறார். அது காமாலை அல்ல. மலேரியாவுக்குக் கொடுத்த மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும்.

பாலம்: எழுதலாமா, கூடாதா

இங்கேதான் முதல் வாக்குவாதம். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிண்ட்வின் (Chindwin) ஆற்றின்மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைப் பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, மிதவைகள்மேல் போடும் ராணுவப் பாலம்) கட்டினார்கள். அந்தச் சமயத்தில் அவ்வளவு நீளமான மிதவைப் பெய்லி பாலம் வேறு இல்லை. குடும்பத்தில் ஒருவர் இணையத்தில் இதைப் படித்துவிட்டு, தாத்தா கட்டிய பாலம் இதுதான், படத்துக்குக் கீழே அப்படியே போட்டுவிடலாம் என்றார்.

கையில் இருந்த சான்று ஒரே ஒரு கடிதம். ‘கயிற்றுக் கட்டில் சட்டம் மாதிரி இரும்பில் இருக்கிறது. ஆறு பேர் பிடித்தால்தான் கிளம்பும். ஒன்றோடு ஒன்று ஆணி கோத்துத் தள்ளிக்கொண்டே போகிறோம்.’ தணிக்கை அதிகாரி எப்படி விட்டார் என்று தெரியவில்லை. ஒருவேளை கட்டில் விஷயம் என்று நினைத்திருப்பார். பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் கொண்ட பெய்லி சட்டம் சுமார் 570 பவுண்டு கனம். ஆறு பேர் தூக்கும் கணக்கு சரிதான். ஆக அவர் பெய்லி பாலம் கட்டினார் என்பதில் சந்தேகமில்லை. அது கலேவா பாலமா என்பது வேறு கேள்வி. அவருடைய டிவிஷனில் ஒரு பகுதி அந்த ஆற்றைக் கலேவாவுக்கு வடக்கே மாவ்லைக்கில் கடந்தது. அவருடைய கம்பெனி எந்தப் பக்கம் நின்றது என்பதற்குப் பெட்டியில் ஒன்றும் இல்லை. பெய்லி சட்டங்கள் அந்தப் போர்முனையில் சின்ன ஓடைகளுக்குக்கூடப் போடப்பட்டன.

‘பெய்லி பாலம் கட்டும் வேலையில், 1944 கடைசி, இடம் உறுதியில்லை’ என்று மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். பேரனின் பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “இத்தனை வருஷம் நாங்க சொன்னது பொய்யா சார்?” என்றார். பொய் என்று யாரும் சொல்லவில்லை, எழுதிவைக்கிற அளவுக்குத் தெரியவில்லை என்பதுதான் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கட்டில் வரியையே படத்துக்குக் கீழே போடுங்கள் என்று அவராகவே சொன்னார். அதுதான் நாங்கள் யோசித்ததைவிட நல்ல யோசனை.

‘தம்பி’

ஊதாக் கறை படிந்த கடிதம் சுபானு வருஷக் கடைசியிலோ தாரண வருஷத் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. ‘நம்ம தம்பி’க்குப் பிறகு கறை, அதற்குப் பிறகு ‘நெருப்பு வைத்தேன், என் கையால்’ என்று தெளிவாக இருக்கிறது. வீட்டில் சொன்ன கதைக்கு இது நேரடிச் சாட்சி என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம்.

உறுத்தல் வேறு காகிதத்திலிருந்து வந்தது. அதே வீட்டில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதன்படி தாத்தாவுக்கு இரண்டு அக்கா, ஒரு தங்கை. ஆண் வாரிசு அவர் ஒருவர்தான். போருக்கு முன்பே எழுதிய பத்திரம் என்பதால், இறந்துவிட்டதால் பெயர் விடுபட்டிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை.

மதராஸ் சாப்பர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு மணி அடித்திருக்கும். எனக்கு அடிக்க இரண்டு வாரம் ஆனது. 1780-இல் தொடங்கிய அந்தப் படையில் சிப்பாய்களுக்கு ‘தம்பி’ என்றே செல்லப்பெயர். பெங்களூரில் இன்றைக்கும் அப்படித்தான். தமிழ் தெரியாத அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். மறுபடி எல்லாக் கடிதங்களையும் படித்தோம். ‘தம்பிமார்’ என்று பன்மையில் ஐந்து இடத்தில் வருகிறது. முதல் வாசிப்பில் அதை ஊர்ப் பையன்கள் என்று கடந்துபோயிருந்தோம்.

அப்புறம் படங்களுக்கு வந்தோம். பெங்களூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த படத்தில் இரண்டு இளைஞர்கள். ஒருவர் தாத்தா. பின்னால் ‘நானும் தம்பியும்’ என்று எழுதி, கீழே ஒரு எண். ஸ்டுடியோக்காரர் போட்ட எண் என்று பதிந்துவைத்திருந்தேன். பெட்டியில் இருந்த ‘பர்மா ஸ்டார்’ பதக்கத்தின் பின்புறத்தில் தாத்தாவின் படை எண்ணும் பெயரும் பொறித்திருந்ததைப் பேரன்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். ஒரே நாளில் வரிசையில் நின்று சேர்ந்த இரண்டு பேரின் எண்கள் அப்படித்தான் இருக்கும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் அந்த எண் கிடைத்தது. மதராஸ் சாப்பர், 1944, இம்பாலில் தகனம் செய்யப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னத்தில் பெயர். ‘பா’வில் முடியும் பெயர். இந்திய வீரர்கள் பலருக்கு அந்தப் பதிவில் தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு. இவருக்கும் இருந்தது. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த விதத்தை நான்கு விதமாகத் தமிழில் படிக்கலாம். ழகரமா ளகரமா என்பதிலேயே இரண்டு ஊர் இருக்கிறது. சரியானது தாத்தாவின் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் அரைநாள் தூரம்.

அப்போதுதான் மூன்றாவது கட்டு ஞாபகம் வந்தது. செல்போன் படத்தைப் பெரிதாக்கி, எந்தக் கடிதங்கள் அந்தக் கட்டில் இருந்தன என்று மடிப்பையும் உறையின் ஓரக் கிழிசலையும் வைத்து அடையாளம் கண்டோம். எட்டில் ஆறு தேறியது. ஆறிலும் ஒரே விஷயம். ‘தம்பி வீட்டுக்கு மாதம் அஞ்சு ரூபாய் நீயே போய்க் கொடு. யாரிடமும் கொடுத்தனுப்பாதே.’ கைநாட்டுச் சீட்டுகள் அந்தப் பணத்துக்கு வாங்கிய ரசீது.

அத்தையிடம் சொன்னது

இதை எப்படிச் சொல்வது என்று பேரனும் நானும் யோசித்தோம். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி வீட்டில் இருந்தது. எண்பது வயது ஆனவர், இருபது வருஷத்துக்கு மேலாக விளக்கு ஏற்றுகிறவர். நான் சொல்லிவிடுவதுதான் நல்லது என்றேன். கடிதங்கள் அவருடைய அப்பாவுடையவை. அவற்றில் இருப்பதை அவருக்குத் தெரியாமல் நாங்கள் வைத்துக்கொள்ள நியாயம் இல்லை. அதோடு, வேறொரு குடும்பம் சம்பந்தப்பட்ட விஷயமாக இது மாறிவிட்டிருந்தது.

பேரன் சொன்னார். அத்தை படத்தை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்பா தம்பின்னு எழுதியிருக்காரில்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். “அப்ப என்ன இப்ப?” என்றார். விளக்கு பற்றி அதற்கு மேல் பேச்சு இல்லை.

குடும்ப மரத்தில் அந்தப் பெயரை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொந்தத் தம்பி என்ற கட்டத்திலிருந்து எடுத்து, தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் தனிக் குறிப்பாக வைத்தோம்.

வெளியில் காட்டாதவை

இரண்டு கடிதங்கள் கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை. நிலத் தகராறு பற்றிய ஒன்றில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் வீடு வருகிறது. மூன்றையும் ஸ்கேன் எடுத்தோம், ஆனால் உறவினர்களுக்குக் கொடுத்த நகலில் சேர்க்கவில்லை. விட்டுப்போன எண்கள் அட்டவணையில் அப்படியே இருக்கின்றன. இருப்பதை மறைக்க வேண்டாம், படிக்கக் கொடுக்கவும் வேண்டாம் என்பதுதான் எண்ணம்.

பின்னால் நடந்தது

அந்த ஊரில் விசாரித்ததில் இறந்தவருடைய அக்காவின் பேரன் கிடைத்தார். அவர்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. பட்டாளத்துக்குப் போனவர் ஒருவர் இருந்தார் என்று மட்டும் தெரியும். பெங்களூர் படத்தின் நகலையும், ‘நெருப்பு வைத்தேன்’ வரி உள்ள பக்கத்தின் நகலையும் கொடுத்தோம். அவர் தன் பாட்டி சொல்லக் கேட்ட ஒரு விஷயத்தைச் சொன்னார். சண்டை முடிந்து வெகு காலம்வரை மாசாமாசம் ஒரு அம்மா வந்து பணம் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவாராம். பட்டாளத்து ஆபீஸிலிருந்து அனுப்பிய ஆள் என்றே அவர்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி கைநாட்டுச் சீட்டில் இருப்பது 1951.

பெட்டியில் இருந்த அசல்கள் இப்போது அமிலமில்லாத உறைகளில், மூன்று கட்டாகவே, அத்தை வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அந்துருண்டை போடவில்லை. ஸ்கேன் நகல்கள் மூன்று வெவ்வேறு வீடுகளில். 27 படங்களில் 9 பேருடைய முகத்துக்கு இன்னும் பெயர் இல்லை.

மறுபடி செய்வதானால்

கட்டை அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் நாலு பக்கமும் படம் எடுப்பேன். வாட்ஸாப்புக்கு எடுத்த ஒரு படத்தை நம்பி நிற்கும் நிலை இன்னொரு தடவை வேண்டாம். வீட்டில் இருக்கும் பத்திரங்களை முதல் நாளே கேட்பேன். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு மாதம் முன்னால் கண்ணில் பட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். புகைப்படத்தின் பின்னால் எந்த எண் இருந்தாலும் அதைப் படை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போவேன். அத்தையின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ததும் தாமதம்தான். முதலில் கடிதம், பிறகு பேட்டி என்று வைத்திருந்தேன். அதற்குள் நாங்கள் படித்ததையெல்லாம் கேட்டுவிட்டு, எது தன் ஞாபகம், எது எங்கள் பேச்சு என்று அவராலேயே பிரிக்க முடியாமல் போய்விட்டது.

ஊதாக் கறை படிந்த கடிதத்தின் உறையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். ‘கறை 2021-இல், வீட்டில், ஈரப் பஞ்சால் ஏற்பட்டது’ என்று பேரனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இல்லாவிட்டால் நாளைக்குப் படிக்கிறவர் அதை பர்மா மழை என்று எழுதிவிடுவார்.